அஞ்சாம் வகுப்பு வரிசையில் ஓரிடம்

என் மகள் மற்ற பிள்ளைகளோடு ஒரே வரிசையில் உட்கார வேண்டும். சாமியிடம் நான் கேட்டது அவ்வளவுதான். நன்றாகப் படிக்க வேண்டும், டாக்டராக வேண்டும் என்றெல்லாம் எந்தக் கோயிலிலும் நான் கேட்டதில்லை. நாலு பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் பாயில் அவளும் ஒரு ஓரமாக உட்கார்ந்திருக்க வேண்டும். அவர்கள் எழுந்தால் இவளும் எழ வேண்டும், அவர்கள் உட்கார்ந்தால் இவளும் உட்கார வேண்டும்.

கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்தவள். திருச்செங்கோட்டு மலைக்கு இத்தனை அமாவாசை நடந்தே ஏறி வருகிறேன் என்று வேண்டிக்கொண்டு, அதன்படி ஏறினேன். அர்த்தநாரீஸ்வரர் கொடுத்த பிள்ளை என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். தலை நிற்கவே நாளானது. மற்ற குழந்தைகள் ஓடுகிற வயதில்தான் இவள் நின்றாள். பேச்சு அதற்கப்புறம். ஈரோட்டு டாக்டர், புத்தி வளர்ச்சி கொஞ்சம் மெதுவாக இருக்கும், ஆனால் வளரும், விட்டுவிடாதீர்கள் என்றார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

குமாரபாளையத்தில் எங்கள் சந்து முடியும் இடத்தில் ஒரு அரசு தொடக்கப் பள்ளி. இரண்டு அறை, இரண்டு டீச்சர். அஞ்சு வயதில் அவளைக் கூட்டிக்கொண்டு போய் வாசலில் நின்றபோது, பெரிய டீச்சர் ஒன்றும் கேட்கவில்லை. “கொண்டாங்கக்கா, எங்க பாத்தாலும் தறிச் சத்தந்தான். இங்கயாச்சும் புள்ளைங்க சத்தத்தைக் கேக்கட்டும்” என்று கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். அந்த டீச்சரைப் பற்றி ஒரு குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும்.

ஆனாலும் என் மகள் வரிசையில் உட்காரவில்லை. டீச்சர் நாற்காலிக்குப் பக்கத்தில் தனியாக ஒரு சின்னப் பாய். கையில் பாசிமணி, கலர் பென்சில். ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று ரிஜிஸ்டரில் மேலே ஏறிக்கொண்டே போனாள். பாய் மட்டும் அதே இடத்தில் கிடந்தது. டீச்சர் எத்தனையோ தரம் நடுவில் கொண்டுபோய் உட்கார வைத்தும் அவள் எழுந்து வந்துவிடுவாள். அங்கே நடப்பது எதுவும் தனக்கில்லை என்று அவளுக்கே தெரிந்திருந்தது.

எங்கள் வீட்டுத் தொழிலைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். சேலைக் கரையில் பூ விழ வேண்டுமானால் தறிக்கு மேலே அட்டைகள் ஓட வேண்டும். எந்த நூல் மேலே எழும்ப வேண்டும் என்று அந்த அட்டையிலுள்ள ஓட்டைகள்தான் தறிக்குச் சொல்லும். டிசைனைக் கட்டம் போட்ட கிராப் தாளில் வரைந்து கொடுப்பார்கள். அதைப் பார்த்து ஓட்டை குத்துவது என் வீட்டுக்காரர் வேலை. குத்திய அட்டைகளை வரிசைப்படி நூலால் கோர்ப்பது என் வேலை. ஒவ்வொரு அட்டையாக எடுத்து என் கையில் கொடுப்பது மகளின் வேலை. அவளுக்கு அதில் ஒரு இஷ்டம். அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஓட்டை வழியாக என்னைப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பாள். சில நாள் இரண்டை மாற்றிக் கொடுத்துவிட்டுச் சிரிப்பாள். அப்புறம் அவிழ்த்துக் கோர்க்க வேண்டும். அவள் அப்பா திட்டுவதுபோல் திட்டுவார்.

அவள் அஞ்சாம் வகுப்புக்கு வந்த வருடம் ஒரு நாள் மத்தியானம் பெரிய டீச்சர் பெற்றோர்களை எல்லாம் பள்ளிக்கு வரச் சொன்னார். பாதிப் பேர் தறியை நிறுத்திவிட்டு, தலையில் பஞ்சுத் தூசியோடு வந்து உட்கார்ந்தோம்.

“இந்த வருசம் புதுசா ஒரு தேர்வு வருதுங்க” என்றார் டீச்சர். “மாநிலம் பூரா ஒரே நாள்ல. கேள்வித்தாளு நாங்க போடறதில்லை. திருத்தறதும் நாங்க இல்லை. மிசினே திருத்திரும்.”

தறி ஓட்டும் ஒருவர் பின்னாலிருந்து எழுந்தார். “மிசினுக்கு எம்பையன் கையெழுத்து வெளங்குமுங்களா டீச்சர்? பெத்தவன் எனக்கே வெளங்கறதில்லை.”

“கையெழுத்தே கெடையாதுங்கண்ணா. ஒரு கேள்விக்கு நாலு பதிலு, நாலு வட்டம். எது சரியோ அந்த வட்டத்தைக் கறுப்புப் பேனாவுல நெரப்போணும். அவ்வளவுதான்.”

“அட, அம்புட்டுத்தானுங்களா? அப்ப நானே வந்து எழுதிர்றேனுங்க. அஞ்சாவதுல உட்டதை இப்பப் புடிச்சுக்கறேன்.”

“நீ எழுதுனா மிசினு நின்னு போயிரும். உக்காரு பேசாம” என்று அவர் பெண்டாட்டி சட்டையைப் பிடித்து இழுத்தாள். எல்லோரும் சிரித்தோம். டீச்சரும் சிரித்தார். ஆனால் அவர் முகத்தில் ஒரு பயம் இருந்தது. யாரோ வெளியாட்கள் வந்து நடத்துவார்களாம். எந்தப் பள்ளியில் பிள்ளைகளுக்கு எது தெரியவில்லை என்று அதை வைத்துத்தான் மேலே பார்ப்பார்களாம். வட்டத்துக்கு வெளியே மை போகக் கூடாது, ஒரு கேள்விக்கு இரண்டு வட்டம் நிரப்பினால் செல்லாது, தாளை மடிக்கக் கூடாது, எண்ணெய்க் கை படக் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்.

எல்லோரும் எழுந்து போன பிறகு நான் கிட்டே போனேன். “டீச்சர், எம்புள்ளைக்கும் உண்டுங்களா?”

அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “அவளும் அஞ்சாவதுதானுங்களே அக்கா. அஞ்சாவதுன்னா எல்லாத்துக்கும்தான்.”

அந்தப் பதிலை மனதில் வைத்துக்கொண்டே சந்து முழுக்க நடந்து வந்தேன். அவள் பிறந்ததிலிருந்து ‘எல்லாரும்’ என்று யார் சொன்னாலும் அதில் அவள் இருக்கிறாளா என்று நான் இரண்டாம் தரம் கேட்டுத்தான் ஆக வேண்டியிருந்தது. அன்றைக்கு அந்த அம்மா, கேட்டதும் அவளைச் சேர்த்தே சொன்னார்.

பழகிக்கொள்வதற்காக மாதிரித் தாள்களை நகலெடுத்து வீட்டுக்குக் கொடுத்து விட்டார்கள். என் மகள் அந்தத் தாளைக் கொண்டுவந்து தரையில் விரித்துப் படுத்துக்கொண்டு, மூச்சே விடாமல் வட்டம் நிரப்பினாள். ஒரு வட்டத்திலும் மை வெளியே போகவில்லை. நானும் அவள் அப்பாவும் நின்று பார்த்தோம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் அப்பா குனிந்து தாளை எடுத்தார். எடுத்தவர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

“ஏ புள்ளே, இங்க வந்து பாரு. இவ எங்க பரீட்சை எழுதுனா? போன வாரம் நான் குத்துன கரையை இதுல எறக்கி வெச்சிருக்கறா.”

பார்த்தேன். முதல் வரியில் முதல் வட்டம், அடுத்த வரியில் இரண்டாவது, அதற்கடுத்து மூன்றாவது, நான்காவது, திரும்பவும் மூன்றாவது, இரண்டாவது என்று, மேலிருந்து கீழே மலைமலையாக இறங்கி வந்திருந்தது. நம் சேலைக்கரையில் ஓடுமே, அதே அலைதான். கேள்வி என்று ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியவில்லை. வட்டத்தைப் பார்த்ததும் அட்டையின் ஓட்டை என்று நினைத்துக்கொண்டாள். வேறு ஊர்ப் பிள்ளை இந்தத் தப்பைச் செய்திருக்காது.

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். “சாமி, ஒரு வரி ஒரு அட்டை. சரியா? இங்க கேள்வி இருக்குது பாரு, அதுதான் கிராப்பு. கிராப்பு எங்க சொல்லுதோ அங்கதான் ஓட்டை உழோணும். நம்ம இஷ்டத்துக்கு உழக்கூடாது.”

“எல்லா அட்டையிலும் ஒத்தை ஓட்டைதானா?”

“ஆமாங் கண்ணு, ஒத்தை ஓட்டைதான்.”

“ஒத்தை ஓட்டை உழுந்தாப் பூவு வராதே.”

“பூவு வராது. மார்க்கு வரும்.”

“மார்க்கு எப்படி இருக்கும்?”

நான் திரும்பிப் பார்த்தேன். அவள் அப்பா தலையைச் சொறிந்துகொண்டு நூல் வாங்கக் கிளம்பிவிட்டார்.

நான் படித்தது எட்டாவது. அதை வைத்துக்கொண்டு தினமும் சாயந்திரம் விளக்கு வைத்த பிறகு ஒவ்வொரு கேள்வியாகப் படித்துச் சொன்னேன். படத்தில் எத்தனை மாங்காய் இருக்கிறது. இவற்றில் பறக்காதது எது. எந்தக் குடத்தில் தண்ணீர் அதிகம். முதலில் எதைக் கேட்டாலும் கடைசி வட்டத்திலேயே விரலை வைப்பாள், அதுதான் ஓரமாக இருக்கிறது என்பாள். அப்புறம் ஒரு நாள், குடத்துக் கேள்விக்கு விரல் கடைசி வட்டம் வரை போய், நின்று, திரும்பி வந்து இரண்டாவதில் உட்கார்ந்தது. அதுதான் சரி. சுவரில் மாட்டியிருக்கும் அம்மன் படத்தைத்தான் பார்த்தேன்.

கணக்குக் கேள்விகள் அவளுக்கு வரவில்லை. பெரிய பெரிய பத்தி கொடுத்து அதிலிருந்து கேட்டால் தூங்கிவிடுவாள். ஆனால் படம் போட்டதில் பாதி வந்தது. தாளின் தலைப்பில் தன் பெயரை எழுதவும் படிக்கவும் பழகினாள். பேப்பர் கடைக்குப் போனாலும் எங்காவது தன் பெயர் அச்சாகியிருக்கிறதா என்று பார்ப்பாள். ஒரு தரம் கல்யாணப் பத்திரிகை ஒன்றில் யாரோ மணப்பெண்ணுக்கு அதே பெயர் இருந்தது. “அம்மா, என்னைப் போட்டிருக்குது” என்று வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் காட்டினாள்.

ஒரு நாள் அவளைக் கூட்டி வரப் பள்ளிக்குப் போனேன். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் டீச்சர் நாற்காலிக்குப் பக்கத்தில் அந்தச் சின்னப் பாய் சும்மா கிடந்தது. எங்கே போனாள் என்று கண்ணால் தேடினேன். அப்புறம்தான் பார்த்தேன், அஞ்சாம் வகுப்பு வரிசையில், இரட்டைச் சடை போட்ட இரண்டு பெண்பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். தாளைப் பார்த்துக் குனிந்திருந்தாள். என்னைக் கவனிக்கவில்லை.

டீச்சர் வெளியே வந்தார். “நாஞ் சொல்லலீங்கக்கா. தாளு குடுக்கறப்ப அவளே எந்திரிச்சுப் போயி உக்காந்துட்டா. அந்தப் புள்ளைங்களும் நகந்து எடம் உட்டுட்டாங்க.”

அந்த இரட்டைச் சடையில் ஒருத்தி ஜன்னல் வழியாகவே கத்தினாள். “அத்தை, இவ வட்டந்தானுங்க ரொம்ப அழகு. எங்குளுதெல்லாம் கோழி கிண்டுனாப்ல இருக்குது.”

அன்றைக்கு மாரியம்மன் கோயில் வழியாகத்தான் வந்தோம். கை கூப்பி நின்றேன். கேட்பதற்கு ஒன்றுமே தோன்றவில்லை. கேட்டதைத்தான் கொடுத்துவிட்டாளே. சும்மா நின்றுவிட்டு வந்தேன்.

தேர்வு நாளன்று தலைக்கு ஊற்றி, சீருடையை இஸ்திரி போட்டு, கனகாம்பரம் வைத்து, திருநீறு பூசிவிட்டேன். அவள் அப்பா ஒரு கறுப்புப் பேனாவை வாங்கி வந்து சாமி படத்தின் முன்னால் வைத்து எடுத்துக் கொடுத்தார். “தப்பாயிருச்சுன்னாலும் அழுகக் கூடாது, என்ன? அப்பன் தப்புத் தப்பாக் குத்தி எத்தனை அட்டையைத் தூக்கிப் போட்டிருக்கறேன்” என்றார். அவள் பெரிய மனுசி மாதிரித் தலையாட்டினாள்.

பெற்றோர் உள்ளே வரக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். நான் கம்பிக் கேட்டுக்கு வெளியே நின்றேன். வேறு சில அம்மாக்களும் நின்றார்கள். வெளியூரிலிருந்து ஒரு பையனும் ஒரு பெண்ணும் வந்திருந்தார்கள். டீச்சர் வேலைக்குப் படிக்கிறவர்கள் போல, வயது கம்மிதான். ஒட்டி முத்திரையிட்ட உறையைப் பிரித்து, ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு தாளின் தலையிலும் அந்தந்தப் பிள்ளையின் பெயர் அச்சடித்தே வந்திருந்தது. கூப்பிடக் கூப்பிட எழுந்து போய் வாங்கினார்கள். என் மகள் முதல் பெயர் கூப்பிட்டபோதே எழுந்து நின்றுவிட்டாள். கையை நீட்டியபடியே நின்றாள். ஜன்னலில் அவள் தலைப்பூவும் அந்தக் கையும் மட்டும் எனக்குத் தெரிந்தன.

கூப்பிடுவது நின்றது.

“யாருக்காச்சும் வரலையா?” என்று அந்தப் பெண் கேட்டது.

“இவளுக்கு வரலீங்கக்கா” என்று பிள்ளைகள் கூட்டமாகக் கத்தினார்கள்.

உறையைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்கள். பெரிய டீச்சர் போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்து யார் யாரிடமோ பேசினார். பேசப் பேச அவர் குரல் தாழ்ந்துகொண்டே போனது. பிறகு கேட்டைத் திறந்துகொண்டு என்னிடம் வந்தார்.

“அக்கா, அவளுக்குத் தாளு அச்சாகலீங்க. மாற்றுத்திறன்னு பதிவாயிருக்கற புள்ளைங்களை இந்தத் தேர்வுல சேக்கலையாம். எனக்கே இப்பத்தானுங்க தெரியுது. நாஞ் சத்தியமா…”

“எதுக்குங்க டீச்சர்?”

“அவங்களைக் கஷ்டப்படுத்த வேண்டாம்னு. நல்லதுக்குத்தான்னு சொல்றாங்க.”

அந்தப் பதிவுக்கு நான்தான் அவளைத் தூக்கிக்கொண்டு போனேன். முகாமில் நாள் முழுக்க நின்று, டாக்டர் பார்த்து, அடையாள அட்டை வாங்கி, வரும் வழியில் கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டு வந்தேன். அந்த அட்டையால் எத்தனையோ உதவி கிடைத்தது. அதனால்தான் இதுவும் வந்தது என்று கேட்டபோது எனக்குக் கோபம் வரவில்லை. யார்மேல் கோபப்படுவது? எல்லோரும் நல்லதைத்தான் நினைத்திருக்கிறார்கள்.

“மிச்சம் ஒரு தாளு இருந்தாக் குடுக்கச் சொல்லுங்களேன் டீச்சர். அவ எழுதறதைத் திருத்தக்கூட வேண்டாமுங்க. சும்மா வாங்கி வெச்சுக்கட்டும்.”

அந்தப் பையனும் வெளியே வந்திருந்தான். ஆத்தூர்ப் பக்கத்துப் பேச்சு. “மிச்சத் தாள் கிடையாதும்மா. எண்ணி முத்திரை போட்டு அனுப்பறாங்க, எண்ணித்தான் திருப்பிக் குடுக்கணும். நான் என்னம்மா செய்யறது, நீங்களே சொல்லுங்க” என்றான். என் முகத்தைப் பார்க்காமல் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னான். அவனுக்கும் என் தம்பி மகன் வயதுதான் இருக்கும்.

நான் டீச்சர் பின்னாலேயே ஜன்னல் வரை போய் நின்றேன். டீச்சர் உள்ளே போய், பழகின மாதிரித் தாளில் புதிதாக ஒன்றை எடுத்து அவள் கையில் கொடுத்தார். அவள் தாளின் தலையைத்தான் முதலில் பார்த்தாள்.

“இதுல என்ற பேரு இல்லீங்களே டீச்சர்.”

“இரு கண்ணு, எழுதித் தர்றேன்.” டீச்சர் பேனாவால் அழகாக எழுதிக் கொடுத்தார்.

அவள் பக்கத்துப் பிள்ளையின் தாளை எட்டிப் பார்த்தாள். தன் தாளைப் பார்த்தாள். “அவளுதுல மிசின்ல எழுதிருக்குது” என்றாள். அழவில்லை. சண்டை போடவில்லை. அட்டையை மாற்றிக் கொடுத்துவிட்டால் நான் திருப்பிக் கொடுப்பேனே, அதுபோலத் தாளை டீச்சர் கையில் திரும்ப வைத்தாள். “இது என்றது இல்லீங்க.”

எழுதாதவர்கள் அறைக்குள் இருக்கக் கூடாதாம். வந்திருந்த அந்தப் பெண் மெல்லத்தான் சொன்னது, இருந்தாலும் சொல்லிவிட்டது. டீச்சர் அந்தச் சின்னப் பாயை எடுத்துவந்து வராந்தாவில் விரித்தார். என்னையும் அங்கே வந்து உட்காரச் சொன்னார். நான் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். உள்ளே ஒரே அமைதி. தூரத்தில் தறிச் சத்தம். அவள் பேனா மூடியைக் கழற்றாமல் மடியில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எழுது சாமி. நான் கேள்வியைப் படிக்கறேன்” என்று மாதிரித் தாளை நீட்டினேன்.

“அவங்க கூப்புடட்டும்.”

“கூப்புட மாட்டாங்க கண்ணு.”

“கூப்புடுவாங்க. கடைசியாக் கூப்புடுவாங்க.”

நான் கந்தசஷ்டி விரதத்தில்கூட அப்படிச் சாமியைக் கூப்பிட்டதில்லை. யாராவது வெளியே வந்து, இந்தா பாப்பா, ஒன்று அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது என்று ஒரு தாளை நீட்டிவிடக் கூடாதா என்று மனசு அடித்துக்கொண்டது. முருகா முருகா என்று வாய் முணுமுணுத்தது. மணி அடித்துவிட்டார்கள்.

பிள்ளைகள் ஓடி வந்தார்கள். “அந்தக் கடியாரக் கேள்விக்கு என்னடி போட்டே?” “நான் மூணாவது.” “அய்யோ, நான் ரெண்டாவது போட்டுட்டேன்டி, போச்சு.” அந்த இரட்டைச் சடைப் பெண் என் மகளிடம் வந்து, “நீ என்ன போட்டே?” என்று கேட்டது. குழந்தை, தெரியாமல்தான் கேட்டது.

“என்னையக் கூப்புடல” என்றாள் என் மகள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் அப்பா ஓட்டை குத்துவதை நிறுத்திவிட்டு, “என்னம்மிணி, வட்டமெல்லாம் நெரப்புனியா?” என்றார். அவள் போய் அவர் மடியில் சாய்ந்துகொண்டு, “அப்பா, மிசினுக்கு என்ற பேரு தெரியாதாம்” என்றாள். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் சட்டையை எடுத்து மாட்டினார், போய்க் கேட்கிறேன் என்றார். பிறகு யாரிடம் போய் என்ன கேட்பது என்று தெரியாமல் சட்டையோடே உட்கார்ந்துவிட்டார். அப்புறம் ஒரு அட்டையைக் கையில் எடுத்து, “அப்பன் உன்ற பேரைக் குத்தித் தர்றேன் சாமி. சேலை முந்தியில பெருசாப் போட்டுக் கட்டிக்கலாம்” என்றார்.

அவள் தலையை ஆட்டினாள். “சேலையில வேண்டாம்.”

அடுத்த நாள் காலையில் எப்போதும்போலக் கிளம்பிப் போனாள். அதைப் பார்த்து எனக்கு நிம்மதி. குழந்தைதானே, மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். மத்தியானம் பெரிய டீச்சரே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். குவிந்து கிடந்த அட்டைகளை ஒதுக்கி இடம் செய்தேன். தரையில் உட்கார்ந்தார்.

“உள்ள வர மாட்டேங்கறாளுங்கக்கா. நேத்து உக்காந்த எடத்துலயே வராந்தாவுல உக்காந்துக்கறா. கூப்புட்டா, எனக்கு இங்கதானுங்க டீச்சர்ங்கறா. அந்தப் புள்ளைங்க ரெண்டும் வந்து கையைப் புடிச்சு இழுத்துதுங்க. அப்பத்தான் அழுதா. இத்தனை வருசத்துல அவ அப்படி அழுது நான் பாத்ததில்லை.”

நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் வாங்கி வைத்துவிட்டுக் குடிக்கவில்லை.

“நாந்தானுங்க அவளுக்கு ஆசை காட்டிட்டேன். விசாரிக்காம, எல்லாத்துக்கும்தான்னு உங்ககிட்ட வாயை உட்டுட்டேன்.”

“அப்படிச் சொல்லாதீங்க டீச்சர். ஒரு மாசம் அவ வரிசையில உக்காந்தா. நான் ரெண்டு கண்ணால பாத்தேன். அதுக்கு உங்குளைக் கும்புடத்தான் வேணுமுங்க.”

இரண்டு பேரும் அழுதோம். அவரும் ஒரு பிள்ளையைப் பெற்றவர்தானே.

நாங்கள் செய்யாததில்லை. டீச்சர் பாடத்தையே வராந்தாவில் நடத்திப் பார்த்தார். எல்லாப் பிள்ளைகளும் வெளியே வந்து அவளைச் சுற்றி உட்கார்ந்ததும் அவள் எழுந்து இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார்ந்தாளாம். நான் மலைக்குக் கூட்டிப் போய் எலுமிச்சம்பழம் மந்திரித்து வாங்கி வந்தேன். மாரியம்மனுக்கு மாவிளக்கு எடுத்தேன். வீட்டில் அட்டை எடுத்துக் கொடுக்கிறாள், சாப்பிடுகிறாள், சிரிக்கிறாள். பள்ளிக்கூடத்துக்கும் தினமும் சந்தோசமாகத்தான் போகிறாள். அந்த வாசற்படியை மட்டும் தாண்டுவதில்லை.

சில மாதம் கழித்து முடிவு வந்தது. எங்கள் பள்ளிப் பிள்ளைகள் நன்றாக எழுதியிருந்தார்களாம். திரும்பவும் கூட்டம் போட்டு, எல்லோருக்கும் கேசரி கொடுத்தார்கள். அன்றைக்குக் கிண்டல் பேசின தறிக்காரர், “எம்பையன் அப்பனை மிஞ்சிட்டானுங்க” என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் கை தட்டினேன். மனதாரத்தான் தட்டினேன். ஏழைப்பட்ட தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள், ஜெயிக்கட்டும். எந்தப் பிள்ளைக்கு எது வரவில்லை என்று டீச்சர் ஒரு தாளைப் பார்த்து ஒவ்வொரு பெற்றவரிடமும் சொல்லி அனுப்பினார். உங்கள் பையனுக்குக் கழித்தல் வரவில்லை, உங்கள் பெண்ணுக்குப் படிப்பது தடுமாறுகிறது என்று. என் முறை வந்தது. டீச்சர் தாளைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

என் மகளுக்கு என்ன வரவில்லை என்று யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் போதும். எதுவுமே வரவில்லை என்றுகூடச் சொல்லியிருக்கலாம். குடத்துக் கேள்வி ஒன்று மட்டும் வந்தது, மற்றதெல்லாம் தப்பு என்று மிஷின் சொல்லியிருந்தால், அந்தத் தாளைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருப்பேன். கஷ்டப்படுத்தக் கூடாது என்று நினைத்தவர்களை நான் குறை சொல்லவில்லை. ஒரு அம்மாவை முன்கூட்டியே கேட்டிருக்கலாம், கஷ்டப்பட்டால் படட்டும் என்றுதான் சொல்லியிருப்பேன்.

காலையில் பிரேயர் நடக்கும் நேரத்தில் நான் கேட்டுக்கு வெளியே போய் நிற்பதுண்டு. வகுப்பு வகுப்பாக மைதானத்தில் வரிசை. என் மகள் வராந்தாத் தூணுக்குப் பக்கத்தில் தனியாக நின்று, கை கூப்பி, கண்ணை இறுக மூடி, எல்லோரும் பாடும் பாட்டைத் தானும் பாடுகிறாள். பாட்டு முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் அவள் வாய் அசையும். என்ன கேட்கிறாளோ, தெரியாது. வீட்டில் கேட்டால் சொல்ல மாட்டாள்.

தேர்வு முடிந்த முதல் சில வாரம் அந்த இரட்டைச் சடைப் பிள்ளைகள் இரண்டும் தங்களுக்கு நடுவில் ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டே நின்றார்கள். திரும்பித் திரும்பி வராந்தாவைப் பார்ப்பார்கள். அப்புறம் ஒரு நாள் போனபோது இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஏதோ ரகசியம் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இடம் இல்லை. நான் அவர்களை ஒன்றும் நினைக்கவில்லை. குழந்தைகள், எத்தனை நாள்தான் ஒரு இடத்தைக் காலியாக வைத்திருப்பார்கள்?